வெயிலுக்குத் தாக்குப்பிடித்தவை: இந்த ஆண்டு எனக்குப் பிடித்த பூச்சு, அத்தர், புடவை

கேள்வி இதுதான்: “சமீபத்தில் உங்களுக்கு ரொம்பப் பிடித்துப்போன அழகுப் பொருள்கள், வாசனைகள், உடைகள் என்னென்ன? நான் சென்னையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். மாநிறம், எண்ணெய் வழியும் முகம், தினமும் தாம்பரத்திலிருந்து எலெக்ட்ரிக் டிரெயின். கையில் 3,000 ரூபாய் இருந்தால் முதலில் எதை வாங்குவது?”

அழகு சாதனங்களுக்குக் கலவை உருவாக்கும் ஆய்வகத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். அதனால் ஒரு பொருளைக் கையில் எடுத்தால் முதலில் பின்பக்க எழுத்தைத்தான் படிப்பேன். கடையில் கிடைக்கிற கிரீம், வாசனை, உதட்டுச்சாயம் பலவும் குளிர்ந்த ஊர்களை மனத்தில் வைத்து உருவானவை. சென்னையில் மே மாதம் வெப்பம் 40 டிகிரியைத் தொடும், கடல் காற்றின் ஈரம் அதோடு சேரும். காலை எட்டு மணிக்குப் போட்டுக்கொண்டது மதியம் சாப்பாட்டு வேளையில் எப்படி இருக்கிறது என்பதுதான் என் ஒரே பரீட்சை. கீழே சொல்பவை எல்லாம் அதில் தேறியவை. விலை, பெயர், பெட்டியின் அழகு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதலில் சன்ஸ்கிரீன். கறுத்த தோலுக்கு இது வேண்டியதில்லை என்ற எண்ணம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. தோலுக்குக் கருமை தரும் மெலனின் என்ற நிறமி ஓரளவு காக்கும் என்பது உண்மை. ஆனால் வெயிலில் தோல் சிவந்து உரிவது நம் தொல்லை அல்ல; கருமை படிவதுதான். பரு வந்துபோன இடம், கொசு கடித்துச் சொறிந்த இடம், மூக்குக் கண்ணாடி அழுத்தும் இடம் என்று ஒவ்வொன்றும் மாதக்கணக்கில் கறுத்துக் கிடக்கும். வெயில் பட்டால் அந்தக் கறை மேலும் ஆழமாகும். கன்னத்தில் மங்கு விழுந்தவர்களுக்கு எந்த சீரம் போட்டாலும் சன்ஸ்கிரீன் இல்லாமல் பலன் நிற்காது.

வெயிலிலிருந்து எவ்வளவு காக்கும் என்று சொல்லும் எஸ்பிஎஃப் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். எஸ்பிஎஃப் 15 புறஊதா பி கதிரில் சுமார் 93 சதவீதத்தைத் தடுக்கும்; 30 சுமார் 97; 50 சுமார் 98. ஐம்பதுக்கு மேல் போவதால் கிடைப்பது மிகக் கொஞ்சம். உண்மையான வேறுபாடு அளவில் இருக்கிறது. இந்த எண்களை ஆய்வகத்தில் கணக்கிடும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசுகிறார்கள். நாம் பொட்டு வைப்பதுபோல் நாலு புள்ளி வைத்துத் தேய்த்தால் எஸ்பிஎஃப் 50 பாட்டிலிலிருந்து அதில் பாதிகூடக் கிடைக்காது. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி எடுத்தால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். பிஏ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் நான்கு பிளஸ் குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். கருமையை வரவழைக்கும் புறஊதா ஏ கதிருக்கான காப்பு அது.

எண்ணெய் வழியும் முகத்துக்கு இந்தக் கோடையில் எனக்குப் பிடித்தது ரீஎக்வில் அல்ட்ரா மேட் டிரை டச். சிலிகோன் அடிப்படையில் செய்தது, பூசியதும் வெல்வெட் போல உலர்ந்துவிடும். வியர்வை வந்தாலும் கண்ணுக்குள் வழிந்து எரிச்சல் தரவில்லை. எனக்கு அதுதான் முக்கியம். துத்தநாக ஆக்சைடும் டைட்டானியம் டையாக்சைடும் கூடுதலாக உள்ள சன்ஸ்கிரீன்கள் நல்லவைதான், மென்மையான தோலுக்கு நன்கு ஒத்துக்கொள்ளும், ஆனால் மாநிறத்தில் சாம்பல் பூத்ததுபோல் தெரியும். அந்தத் துத்தநாகத்தோடு இரும்பு ஆக்சைடு நிறமிகள் சேர்த்த டின்ட் வகையைத் தேடுங்கள். சாம்பல் பூப்பு மறைவது ஒரு லாபம். பெரிய லாபம் வேறு: புறஊதா மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் ஒளியும் கறுத்த தோலில் கருமையைக் கூட்டுகிறது, அதை இரும்பு ஆக்சைடுதான் தடுக்கும். மங்கு உள்ளவர்களுக்கு நான் நிறமில்லாத சன்ஸ்கிரீனைச் சொல்வதே இல்லை.

டிரெயினில் கதவோரம் நின்று போகிறவர் என்றால் மதியம் மறுபடி பூசத்தான் வேண்டும். முதலில் பருத்திக் கைக்குட்டையால் ஒற்றி எடுங்கள், துடைக்காதீர்கள். துடைத்தால் காலையில் பூசியதும் சேர்ந்து போய்விடும்.

இரவில் நான் போடுவது பகுச்சியால் சீரம். ரெட்டினால் என்ற வைட்டமின் ஏ வகைப் பொருள் ஒத்துக்கொள்ளாமல் தோல் உரிகிறவர்களுக்கு மாற்றாக உலகமெங்கும் இப்போது இதைத்தான் விற்கிறார்கள். இது எங்கிருந்து வருகிறது தெரியுமா? நம் நாட்டு மருந்துக் கடையில் பொட்டலம் கட்டித் தரும் கார்போகரிசி விதையிலிருந்து. 2019இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் டெர்மட்டாலஜி இதழில் வெளிவந்த ஆய்வில் 44 பேர் பன்னிரண்டு வாரம் கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவினர் 0.5 சதவீத பகுச்சியாலை இரண்டு வேளையும், மற்றவர்கள் 0.5 சதவீத ரெட்டினாலை ஒரு வேளையும் பூசினார்கள். சுருக்கமும் கருமையும் குறைந்ததில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தோல் உரிதலும் எரிச்சலும் ரெட்டினால் பூசியவர்களுக்கே அதிகம். சிறிய ஆய்வுதான், ஆனால் என் முகத்தில் பார்த்ததோடு ஒத்துப்போகிறது.

இதைச் சொன்னதும் “அப்படியானால் கார்போகரிசியையே அரைத்துப் பூசலாமே” என்று கேட்பார்கள். கூடாது. அதே விதையில் சோராலன் என்ற வேதிப்பொருளும் இருக்கிறது. அது தோலில் பட்ட நிலையில் வெயில் அடித்தால் தோல் வெந்து, பிறகு கறுத்துவிடும். வெண்புள்ளிக்கு மருத்துவர்கள் சோராலனைக் கணக்கோடு கொடுத்து ஒளி காட்டுவதும் இந்தக் குணத்தை வைத்துத்தான். நல்ல சீரம் செய்கிறவர்கள் பகுச்சியாலைப் பிரித்தெடுக்கும்போது சோராலனை நீக்கிவிடுவார்கள். வீட்டு மிக்சியால் அது முடியாது. நலங்கு மாவு எனக்கும் பிடிக்கும். பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, வெட்டிவேர், காய்ந்த ரோஜா இதழ் போட்டு அரைத்ததை ஞாயிற்றுக்கிழமைக் குளியலுக்கு வைத்திருக்கிறேன். வாங்கும்போது கார்போகரிசி சேர்த்ததா என்று மட்டும் கேட்டுக்கொள்வேன். சேர்த்திருந்தால் காலையில் தேய்த்துவிட்டு வெயிலில் போகக் கூடாது. எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தடவும் பழக்கத்தையும் இதோடு விட்டுவிடுங்கள். எலுமிச்சைத் தோலிலும் சோராலன் குடும்பத்துப் பொருள்கள் உண்டு.

பரு போன கருமைக்கு அசெலாயிக் அமிலம் பத்து சதவீதம். இதைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை: மெதுவாக வேலை செய்யும், பருவையும் கறையையும் சேர்த்தே குறைக்கும். ‘ஒரே வாரத்தில் வெளுப்பு’ என்று சொல்லி விற்கும் பெயர் தெரியாத கிரீம்கள் பக்கம் போகவே போகாதீர்கள். சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும், சிலவற்றில் பாதரசம். முன்னது தோலை மெலிய வைத்து முடி முளைக்க வைக்கும், பின்னது சிறுநீரகத்தைக் கெடுக்கும். 1975இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லியே 2020இல் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்பதை எடுத்துவிட்டது. நம் பெண்கள் மட்டும் இன்னும் வெளுப்பதற்காகக் காசைக் கரைப்பது எனக்கு நிஜமாகவே வலிக்கிறது.

மை, சாயம் இரண்டையும் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். கண்மைக்கு லாக்மே ஐகானிக். 1952இல் தொடங்கிய நிறுவனம், நம் கண்ணையும் நம் ஊர் வியர்வையையும் அறிந்து செய்கிறது. கீழிமையில் இழுத்ததும் மெல்லிய தூரிகையால் துளி முகப்பவுடரை ஒற்றினால் சாயங்காலம் வரை கரையாது. சுர்மா என்னும் கண்மைப் பொடி எனக்கு வேண்டாம், பலவற்றில் ஈயம் இருக்கிறது. உதட்டுக்கு மேக் நிறுவனத்தின் ரூபி வூ. உலர்ந்து போகும் சிவப்பு, நீலச் சாயல் கொண்டது, மாநிறத்தில் எடுப்பாக நிற்கும். அலுவலகத்துக்கு அது அதிகம் என்று தோன்றினால் செங்கல் நிறமோ பழுப்பு கலந்த ரோஜா நிறமோ எடுங்கள். ‘நியூட்’ என்று எழுதியிருக்கும் பீச் நிறங்கள் பெரும்பாலும் நம் உதட்டைச் சோகை பிடித்ததுபோல் காட்டும்.

பொட்டு பற்றி எழுத நிறைய இருக்கிறது. ஸ்டிக்கர் பொட்டின் பசையில் பாரா டெர்ஷியரி பியூட்டைல் பீனால் என்ற பொருள் இருப்பதுண்டு. அது நிறமி செல்களைக் கொல்லும். வருடக்கணக்கில் ஒரே இடத்தில் ஒட்டிய பெண்களுக்கு நெற்றி நடுவில் வட்டமாக வெளுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தோல் மருத்துவர்களுக்கு இது நன்கு தெரிந்த விஷயம். வியர்வையோடு நாள் முழுக்க ஒட்டியிருந்தால் பசை தோலில் இன்னும் அதிகமாக இறங்கும். அரிப்போ சிவப்போ வந்தால் அன்றே நிறுத்திவிடுங்கள், இரவில் எடுத்துவிட்டுத் தூங்குங்கள். நான் இந்த ஆண்டு முழுக்கக் குங்குமத்துக்கு மாறிவிட்டேன். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்த அசல் குங்குமம், சாயம் கலந்தது அல்ல. அசலா என்று பார்க்கச் சுலபமான வழி உண்டு. ஒரு சிட்டிகைமேல் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விடுங்கள். மஞ்சளின் குர்குமின் காரத்தில்தான் சிவக்கும், அமிலம் பட்டால் மறுபடி மஞ்சளாகிவிடும். மாறாமல் அப்படியே சிவப்பாக நின்றால் அதில் இருப்பது வேறு சாயம். நெற்றியில் துளி தேங்காய் எண்ணெயோ மெழுகோ தொட்டு வைத்தால் மதியம் வரை கலையாது.

தலைக்கும் தேங்காய் எண்ணெய்தான், ஆனால் குளித்த பிறகு அல்ல, குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு. 2003இல் வந்த ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் வைத்துப் பார்த்தார்கள். முடியிலிருந்து புரதம் கழன்று போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. தேங்காய் எண்ணெயில் அதிகமுள்ள லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியது, நேரானது, முடிக்குள் நுழையும். பிறகு அலசுவதற்குக் கொங்கு நாட்டு அரப்பு. உசிலை மரத்து இலைப் பொடி, நுரை அதிகம் வராது, எண்ணெய் மட்டும் போகும்.

வாசனைக்கு வருகிறேன். இதைப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்த மனம் வராது.

வாசனை என்பது தோலிலிருந்து ஆவியாகிப் பறக்கும் மூலக்கூறுகள். சூடான தோலில் அவை வேகமாகப் பறக்கும். ஆரஞ்சு, எலுமிச்சை போன்ற சிட்ரஸ் நெடி உள்ளவை இலேசானவை. தாம்பரத்தில் தெளித்தால் கிண்டி வருவதற்குள் போய்விடும். வெனிலா, கேரமல் போன்ற இனிப்பு வாசனைகள் எதிர்மாறு. நெரிசலான பெட்டியில் வெப்பத்தோடு வீங்கி, பக்கத்தில் நிற்பவருக்குத் தலைவலி தரும். நம் வெயிலில் அழகாக நடந்துகொள்பவை வேர், மரம், மண், சில பூக்கள். அத்தர் காய்ச்சும் கன்னோஜ்காரர்களும் மதுரைப் பூக்காரர்களும் இதை நமக்கு முன்பே அறிந்திருந்தார்கள்.

இந்த ஆண்டு நான் அதிகம் போட்டுக்கொண்டது மண் வாசனை அத்தர், இந்தியில் மிட்டி. உத்தரப்பிரதேசத்தில் கங்கைக் கரையோரக் கன்னோஜில் செய்வது. அவ்வூர் வாசனைத் திரவியத்துக்கு 2014இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சூளையில் இலேசாகச் சுட்ட களிமண் வில்லைகளைத் தேக் என்னும் செம்புக் கொப்பரையில் தண்ணீரோடு போட்டு, மூடியின் இடுக்கைக் களிமண்ணால் அடைத்து, கீழே விறகு எரிப்பார்கள். ஆவி மூங்கில் குழாய் வழியாகப் பாப்கா என்னும் செம்புக் குடத்துக்குள் போகும். குடம் தண்ணீர்த் தொட்டியில் குளிர்ந்து கிடக்கும், அதற்குள் சந்தன எண்ணெய் இருக்கும். மண்ணின் மணம் அந்த எண்ணெயில் படிந்து தங்கிவிடும். சாராயம் இல்லை, தெளிப்பான் இல்லை. முதல் மழை பெய்த தெருவின் மணம் அப்படியே இருக்கும், அடியில் சந்தனம் மெதுவாக மேலெழும். மழை மணத்தை ஆராய்ந்து 1964இல் நேச்சர் இதழில் எழுதிய ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் பேரும் தாமஸும் இந்த அத்தரையும் குறிப்பிட்டிருந்தார்கள் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

வாங்கும்போது கவனம் வேண்டும். சந்தன எண்ணெயின் விலை ஏறிவிட்டதால் பல அத்தர்களில் இப்போது அடிப்படை எண்ணெயாகத் திரவப் பாரஃபின் என்னும் கனிம எண்ணெயையோ டிஓபி என்ற தாலேட் வேதிப்பொருளையோ ஊற்றுகிறார்கள். மேல்வாசனை கிட்டத்தட்ட ஒன்றுபோல்தான் இருக்கும். ஆனால் பாரஃபின் அத்தர் மூன்று மணி நேரத்தில் வெறும் எண்ணெய்ப் பிசுக்காக நிற்கும். சந்தன அடிப்படை உள்ளது சாயங்காலமும் தோலில் மெல்ல இனிக்கும். பத்து மில்லி பாட்டில் இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது என்றால் அதில் சந்தனம் இல்லை. மூன்று மில்லி நல்லதாக வாங்குங்கள். முழங்கை மடிப்பில் ஒரு தொடு, காதுக்குப் பின்னால் ஒரு தொடு போதும்.

அடுத்தது வெட்டிவேர். கெர்லேன் நிறுவனம் 1959இல் கொண்டுவந்த வெட்டிவேர் வாசனையை ஆண்களுக்கானது என்று விற்கிறார்கள். நான் தயக்கமின்றிப் போட்டுக்கொள்கிறேன், புடவையோடு அது இன்னும் நன்றாக இருக்கிறது. வெட்டிவேர் எண்ணெயின் மூலக்கூறுகள் கனமானவை, அதனால் வெப்பத்தில் அவசரப்படாமல் ஆவியாகும். கெர்லேன் விலை கட்டுப்படியாகாது என்றால் வேரையே வாங்குங்கள். கடலூர்ப் பக்கம் கடற்கரை மணலில் பயிரிடுகிறார்கள், மணல் என்பதால் வேர் அறுபடாமல் கிடைக்கும். ஒரு கைப்பிடி வேரை மெல்லிய துணியில் கட்டிப் பீரோவில் துணிகளுக்கு நடுவே வைத்தால் புடவை உடுத்தி வியர்க்க வியர்க்க மணம் வரும். நாப்தலின் உருண்டையை நான் பீரோவுக்குள் விடுவதே இல்லை.

மல்லிக்கு வந்தால் எனக்குப் பிடிவாதம் உண்டு. கடையில் ‘ஜாஸ்மின்’ என்று எழுதியிருக்கும் பாட்டில்களில் பெரும்பாலும் சுத்தம் செய்யப்பட்ட, கழுவித் துடைத்த மல்லிதான் இருக்கிறது. உண்மையான குண்டுமல்லியின் மணத்தில் இண்டோல் என்ற பொருள் துளியளவு உண்டு. தனியாக முகர்ந்தால் அந்துருண்டை போலிருக்கும், பூவுக்குள் இருக்கும்போது அதுதான் ராத்திரி மல்லிக்கு அந்த ஆழத்தைத் தருகிறது. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி வாசனைத் தொழிலுக்கும் போகிறது. விடியற்காலையில் மொக்காகப் பறித்து, அது மலரும் நேரம் பார்த்து, ஹெக்ஸேன் என்ற கரைப்பானில் மணத்தை இறக்குவார்கள். நேரடியாகக் கொதிக்க வைத்தால் அந்த நுண்மை கெட்டுவிடும். கரைப்பான் ஆவியானதும் மிஞ்சும் மெழுகுக்குக் கான்கிரீட் என்று பெயர், அதைச் சாராயத்தில் கழுவினால் அப்சல்யூட். ஒரு டன் பூவுக்குக் கான்கிரீட் ஒன்றிரண்டு கிலோதான் தேறும். 1921இல் வந்த சேனல் நம்பர் 5 என்ற வாசனையில் இருப்பது நம் பிச்சிப்பூ இனத்து மல்லி. அது குண்டுமல்லியைவிடப் பழச்சுவை கூடிய மணம். குண்டுமல்லி கேட்பவர்களுக்கு நான் சொல்வது பாம்பே பர்ஃப்யூமரியின் மதுரை டாக்கீஸ். மும்பைக்காரர்கள் செய்தது என்றாலும் பூக்கடையைத் தாண்டும்போது வரும் அந்தப் பச்சை வாடையும் அதில் கொஞ்சம் இருக்கிறது. தலையில் பூ வைத்த அன்று மட்டும் அதைத் தொட மாட்டேன், பூவோடு எந்தப் பாட்டிலும் போட்டியிட முடியாது.

மரிக்கொழுந்து எண்ணெயும் ஒரு சிறு பாட்டில் வைத்திருக்கிறேன். உலர்ந்த பழமும் மூலிகையும் கலந்ததுபோல் ஒரு மணம், ஆளுக்கு ஆள் தோலில் வேறுவேறாக மாறும் என்று வாசனைக்காரர்கள் இதைக் கொண்டாடுவார்கள். பாதாம் எண்ணெயில் நன்றாக நீர்க்கச் செய்துதான் போடவேண்டும்.

எதை வாங்குவதானாலும் குளிர்சாதனக் கடைக்குள் காகிதப் பட்டையில் முகர்ந்து முடிவெடுக்காதீர்கள். தோலில் போட்டுக்கொண்டு வெளியே வெயிலில் ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள். பட்டுப்புடவைச் சரிகைமேல் எந்த வாசனையையும் தெளிக்காதீர்கள், சரிகை கறுத்துப்போகும். அத்தர் பட்டால் எண்ணெய்க் கறை.

உடையில் இந்த ஆண்டு என் மனம் முழுக்கப் பருத்திமேல். அதிலும் மதுரைச் சுங்குடி. சௌராஷ்டிரர்கள் வளர்த்த கலை, 2005இல் புவிசார் குறியீடு பெற்றது. துணியை மடித்து, நகத்தால் கிள்ளி, நூலால் இறுக்கி முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்குவார்கள். முடிச்சை அவிழ்த்தால் அந்த இடம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. இன்று சுங்குடி என்று கிடைப்பதில் மிகப் பெரும்பகுதி மெழுகு அச்சோ ஸ்கிரீன் அச்சோதான். அவையும் பருத்தியே, விலை குறைவு, தினசரி அலுவலகத்துக்கு நான் உடுத்துவதும் அவற்றைத்தான். ஆனால் கைமுடிச்சு விலை கேட்டால் புள்ளியை உற்றுப் பாருங்கள். கைமுடிச்சில் எந்த இரண்டு புள்ளியும் ஒன்றுபோல் இருக்காது, ஒவ்வொன்றின் நடுவிலும் துணி இலேசாகச் சுருங்கி முனை எழும்பியிருக்கும். அச்சில் வரிசை பிசகாது, துணியும் தட்டையாக இருக்கும். முதல் சலவைக்குக் கல்லுப்பு போட்ட தண்ணீரில் தனியாக நனையுங்கள், அடர்ந்த சிவப்பும் நீலமும் சாயம் விடும்.

சுங்குடிக்கு அடுத்து காரைக்குடிக் கண்டாங்கி. அரக்கு, மஞ்சள், கருப்பு என்று கண்ணை நிறைக்கும் கட்டங்கள், அகலமான கரை, நல்ல கனம். இதற்கும் 2019இல் புவிசார் குறியீடு வந்தது. கனமான புடவை வெயிலுக்கா என்று கேட்பீர்கள். கண்டாங்கியின் நூல் சற்றுத் தடித்தது, நெசவில் காற்று போகும், வியர்வையில் உடம்போடு ஒட்டாது. மெல்லிய ஜார்ஜெட்டும் ஷிஃபானும் செயற்கை இழையாக இருந்தால் வியர்வையை உறிஞ்சாமல் தோலோடு ஒட்டிக்கொள்ளும்; எடை குறைவாக இருப்பதால் குளிர்ச்சி என்று நம்பி வாங்குகிறோம். நெரிசலில் இறங்கி ஏறுவதற்கும் கண்டாங்கி வசதி, கொசுவம் வைத்த இடத்தில் நிற்கும். சேஃப்டி பின் ஒன்று போதும். கரை அகலமாக இருப்பதால் ரவிக்கைக்கு வேலைப்பாடு எதுவும் வேண்டாம், வெறும் கறுப்பு அல்லது அரக்கு.

விசேஷத்துக்குக் காஞ்சிப் பருத்தியில் கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டும் தறியிலேயே, ஊடை நூலைக் கொண்டுபோகும் மூன்று நாடாக்களால் கோத்து நெய்யப்படும். நெசவாளருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளுவார். இழை கோத்த வரி கரையோரம் பல்வரிசை போல் தெரியும், பின்பக்கம் தொட்டால் இலேசாகத் தடிக்கும். இதே உழைப்பைப் பட்டில் வாங்கப் பல ஆயிரம் கூடும், சென்னை வெயிலில் அந்தப் பட்டை மார்கழிக் கச்சேரிக்குத்தான் வெளியே எடுக்க முடியும். பருத்திக் கோர்வையைச் சித்திரையிலும் உடுத்தலாம். கஞ்சி மட்டும் மெல்லியதாகப் போடுங்கள்.

நகை பற்றிச் சுருக்கமாக: கவரிங் தோடும் சங்கிலியும் போட்டுக் காதும் கழுத்தும் அரித்தால் அது பெரும்பாலும் நிக்கல் ஒவ்வாமை. வியர்வை உப்பு நிக்கலைக் கரைத்துத் தோலுக்குள் அனுப்பும், அதனால்தான் கோடையில் அரிப்பு கூடுகிறது. சிறிய வெள்ளித் தோடு ஒன்று போதும்; நான் இப்போது அலுவலகத்துக்கு அதைத் தவிர வேறு போடுவதில்லை.

இனி உங்கள் 3,000 ரூபாய். முதலில் சன்ஸ்கிரீன், அதற்கு 600, 700 ரூபாய் ஒதுக்குங்கள், இரண்டு விரல் கணக்கில் பூசினால் 50 கிராம் ஒரு மாதம்தான் வரும் என்பதையும் கணக்கில் வையுங்கள். பகுச்சியால், அசெலாயிக் இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டாம். பரு இருந்தால் அசெலாயிக்கை முதலில் வாங்கி, தோல் பழகிய பிறகு மற்றதைப் பாருங்கள். கண்மையும் குங்குமமும் சேர்த்து 400 ரூபாய்க்குள் முடியும். மீதியில் அச்சுச் சுங்குடி ஒன்று எடுங்கள், மதுரைப் பக்கம் போகிற தோழி இருந்தால் அவரிடம் சொல்லி வாங்குவது இன்னும் மலிவு. அத்தரை அடுத்த மாதச் சம்பளத்துக்குத் தள்ளிப்போடுங்கள், இப்போதைக்கு வெட்டிவேர்க் கட்டு ஒன்றைப் பீரோவில் வைத்தால் போதும். கண்டாங்கியை அவசரப்பட்டு முழு விலைக்கு வாங்காதீர்கள். தீபாவளிக்கு முன்னால் கோ-ஆப்டெக்ஸில் கைத்தறிக்கு 30 சதவீதத் தள்ளுபடி அறிவிப்பது வழக்கம். விற்பனை தொடங்கியதும் முதல் வாரத்திலேயே போனால்தான் அரக்குக் கட்டம் மிச்சமிருக்கும்.